கணக்கின் சாவி யாரிடம்?



சரக்கு தரும் மண்டி ஒன்றே ஒன்றுதான் என்றால் விலை யார் கையில் இருக்கும் என்பது நாம் அறியாததல்ல. கணினித் துறையும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது.

ஐ.பி.எம். நிறுவனம் தன் மெயின்பிரேம் எனும் பெரிய கணினிகளுக்காக 1974ல் எஸ்.என்.ஏ. என்ற நெறிமுறையை வகுத்தது. நெறிமுறை என்பது கணினிகள் பேசிக்கொள்ளும் பாஷை. 1981ல் அதே நிறுவனத்தின் மேசைக் கணினி வந்தது. அதை மெயின்பிரேமோடு இணைக்கத் தனி அட்டை பொருத்தி, தனி மென்பொருளும் நிறுவ வேண்டியிருந்தது. வேறு நிறுவனத்தின் கணினி என்றால் வேறு பாஷை, வேறு செலவு.

எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலை 1983 ஜனவரி 1ல் மாறியது. 1995ல் விண்டோஸ் 95 அதைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. தனியாக வாங்கி நிறுவும் தொல்லை குறைந்தது. மெயின்பிரேம்களும் அந்தப் பொதுப் பாஷையைப் பேசத் தொடங்கின.

நம் கல்லாவுக்கும் இது பொருந்தும். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே செல்லும் க்யூ.ஆர். குறியீட்டைப் புதிதாகக் கொண்டு வரக்கூடாது என்று 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இன்று வாடிக்கையாளர் எந்த யு.பி.ஐ. செயலி வைத்திருந்தாலும் நமக்கு ஒரே அட்டை போதும்.

பில் போடும் மென்பொருளில்தான் நாம் இன்னும் ஏமாறுகிறோம். வாங்கும் முன், சரக்கு இருப்பும் பாக்கிக் கணக்கும் வேறு மென்பொருளுக்கு மாற்றும் வடிவில் கிடைக்குமா என்று கேட்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம். கணக்கு நம்முடையது, சாவியும் நம்மிடமே இருக்கட்டும்.