பழுது பார்ப்பது வேறு, ஒப்பேற்றுவது வேறு



போன மாதம் எங்கள் தோட்டத்து மினி டிராக்டரின் படத்தைப் போட்டு, "இதற்கு வைத்தியம் பார்ப்பதா, விடை கொடுத்து அனுப்புவதா?" என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் "புதுசு வாங்கிடுங்க சார்" என்று எழுதினீர்கள். மீதிப் பேர் "பழைய வண்டி மாதிரி வராதுங்க சார்" என்றீர்கள். இரு தரப்புக்கும் சேர்த்து இதோ என் பதில். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தவர்கள், இப்போது பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-இல் வாங்கிய வண்டி அது. 18 குதிரைத் திறன். தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி என்றாலும், நடுவில் வாழையும் ஜாதிக்காயும் வைத்த பிறகு பெரிய டிராக்டர் உள்ளே திரும்ப முடியாது; திரும்பினால் மரத்தின் பட்டையையோ வேரையோ காயப்படுத்திவிடும். அதனால்தான் சின்ன வண்டி. ரொட்டவேட்டர் ஓட்ட, மட்டை இழுக்க, காய் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுவர என்று பதினாறு வருடம் உழைத்திருக்கிறது.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தைப் போட்டபோது இதை நான் சொல்லவில்லை.

கடைசி மூன்று வருடமாக நான் அந்த வண்டியைப் பழுது பார்க்கவே இல்லை. ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். செல்ஃப் மோட்டார் போனது. சரிவில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்தோம். பிரேக் பிடிப்பு குறைந்தது. நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பின் டயரில் கட்டை தேய்ந்து வழுக்கையானது. "மழைக்காலத்தில் மட்டும் பார்த்து ஓட்டு" என்றேன். 15 வருடம் முடிந்து ஆர்.சி. 2024-இல் காலாவதியானது. அதையும் புதுப்பிக்கவில்லை. "தோட்டத்துக்குள்ளே ஓடுற வண்டிக்கு என்ன?" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதற்கெல்லாம் நான் வைத்திருந்த பெயர் சிக்கனம்.

போன ஆடி மாதம், காய் ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் மேட்டில் வண்டி நின்றது. எங்களிடம் பதினோரு வருடமாக வேலை செய்யும் தம்பி இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஈர மண். கல் நழுவியது. வண்டி பின்னால் உருண்டு, டிரெய்லர் ஒரு தென்னையில் மோதி நின்றது. அவர் ஒரு எட்டு விலகியதால் முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அந்த ஒரு எட்டை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால், இன்று இந்தப் பதிவை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

அன்று இரவு என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பையன் பொண்டாட்டிகிட்ட நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழகிய வாய்.

மறுவாரமே மகன் பெங்களூரிலிருந்து பேசினான். "அப்பா, நான் பணம் போடறேன். புதுசு எடுத்துடுங்க. இப்ப வர்ற வண்டியில ஆயில் பிரேக். நீங்களும் நிம்மதியா இருக்கலாம்." செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானதும் மறுபடி பேசினான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் டிராக்டர் டயர், உதிரி பாகங்களுக்கான வரியும் அதே நாளில் 18-இலிருந்து 5-ஆகக் குறைந்தது. அதனால் முதலில் வண்டியின் நோய் என்ன என்று பார்ப்போம் என்றேன்.

பார்த்தவர் என் பழைய மாணவர். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் ஜன்னல் வழியே ரோட்டில் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்த பையன். இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். ஸ்டார்ட் செய்து, சூடேறவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளிருந்து குபுகுபு என்று புகை தள்ளவில்லை. "ரிங் நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்றார். சைலன்சரில் வந்தது கரும்புகை. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும். கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் இவற்றைப் பார்த்தால் போதும். கியர்பாக்ஸில் சத்தம் இல்லை. உடம்பில் விரிசல் இல்லை. "சார், இது கிழடு இல்லீங்க. கவனிக்காம விட்டது" என்றார். வண்டியைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவர் போட்டுக் கொடுத்த கணக்கு இது:

பிரேக் வேலை 9,000
கிளட்ச் 14,000
நாசில், பம்ப் 11,000
ஹைட்ராலிக் 8,000
பின் டயர் இரண்டு 24,000
பேட்டரி, செல்ஃப் மோட்டார், வயரிங் 9,000
கூலி 10,000
மொத்தம் 85,000 ரூபாய்.

புதிய வண்டி 4,50,000. பழையதைக் கொடுத்தால் 90,000 கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கையிலிருந்து 3,60,000 போக வேண்டும்.

இனி ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ரிப்பேர் செய்த வண்டி இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று வைத்தால், வருடத்துக்கு 17,000. புதிய வண்டி பதினைந்து வருடம் ஓடும் என்று வைத்தால், வருடத்துக்கு 24,000. வித்தியாசம் ஏழாயிரம்தான். பழைய வண்டிக்கு வருடா வருடம் வரும் சில்லறைச் செலவைச் சேர்த்தால் அதுவும் கரைந்துவிடும். ஆக, "ரிப்பேர்தான் எப்போதும் லாபம்" என்று சொல்கிறவர்கள் பாதிக் கணக்கோடு நிறுத்துகிறார்கள்.

அப்படியென்றால் புதிது வாங்கியிருக்கலாமே? அந்தப் பதினைந்தில்தான் விஷயம் இருக்கிறது. பதினைந்து வருடத்தால் வகுத்தால்தான் அந்த விடை வரும். எனக்கு வயது 66. மகன் இங்கு வந்து தோட்டம் பார்க்கப் போவதில்லை. அவனும் மறைக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஐந்து வருடம். ஐந்து வருடம் கழித்துப் புதிய வண்டியை இரண்டு லட்சத்துக்கு விற்றாலும், நடுவில் போவது 1,60,000. வருடத்துக்கு 32,000. பழைய வண்டியை அன்று இரும்பு விலைக்கே போட்டாலும் ரிப்பேர் கணக்கு 17,000-இல் நிற்கிறது. ரிப்பேர் என்று முடிவு செய்தேன்.

இந்த விடையை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். வழிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் முப்பது, நாற்பது வயதில் தோட்டத்தை நம்பி நிற்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பதினைந்து வருடம் உண்டு. இன்ஜின் பிளாக்கோ கியர்பாக்ஸ் கூடோ விரிசல் விட்டிருந்தால், உதிரி பாகம் கிடைக்காத மாடல் என்றால், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எவ்வளவு செலவழித்தாலும் நம்பிக்கையான நிலைக்கு வராது என்று மெக்கானிக் சொன்னால், யோசிக்காமல் புதிது வாங்குங்கள். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், உச்சவரம்புக்கு உட்பட்டு, சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. வருடத்துக்கு நாற்பது, ஐம்பது மணி நேரம்தான் வேலை என்றால் சொந்த வண்டியே வேண்டாம். எங்கள் பக்கத்தில் ரொட்டவேட்டரோடு மணிக்கு ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள், டீசலும் டிரைவரும் அவர்களுடையது. நாற்பது மணி நேரத்துக்கு நாற்பதாயிரம். வேளாண் பொறியியல் துறையும் வாடகைக்கு விடுகிறது. எங்களுக்கு வருடத்தில் 150 மணி நேரம் ஓடுவதால் அது கட்டுப்படியாகவில்லை. வீட்டு வாசலில் வண்டி நிற்பது ஒரு கௌரவம் என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

இன்னொன்று. பழுது பார்ப்பது என் இஷ்டம் மட்டும் அல்ல. பாகம் கிடைக்க வேண்டும், பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. நல்ல காரியம். ஆனால் ஊரில் பட்டறையே இல்லாமல் போனால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தப் பையன் பத்தாவதோடு நின்றபோது "படிப்பு ஏறவில்லை" என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். புகையின் நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்பவரிடம் அன்று நான் படிப்பைத் தேடிய இடம் தப்பு. பட்டறையில் அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "ஸ்பேனரை எடுங்க சார்" என்றார்.

வண்டி இப்போது ஓடுகிறது. இடது, வலது பிரேக் இரண்டும் ஒரே அளவில் பிடிக்கின்றன. ஒன்று மட்டும் அதிகமாகப் பிடித்தால் ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்ந்துவிடும் என்று சொல்லி, எனக்கே ஓட்டிக் காட்டினார். ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து, இன்சூரன்ஸும் கட்டிவிட்டேன். ஆயில் எப்போது மாற்றியது, ஏர் ஃபில்டர் எப்போது கழுவியது என்று எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு, ஷெட்டில் ஆணியடித்துத் தொங்குகிறது. அந்தத் தம்பிதான் எழுதுகிறார். "பிரேக் சரியில்லை என்று நீங்கள் எழுதிய நாளில் வண்டி ஓடாது. என்னைக் கேட்க வேண்டாம்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் கல் வைத்து நிறுத்தியிருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். டிராக்டர், மோட்டார் பம்ப், கிரைண்டர், ஸ்கூட்டர், எதுவாகவும் இருக்கலாம். பழையதை வைத்திருங்கள், புதியதை வாங்குங்கள், அது உங்கள் கணக்கு. அந்தக் கல்லை மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

பட்டறை முகவரி வேண்டுவோர் தனியாகக் கேளுங்கள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்