அப்பா அம்மாவை மிதக்கும் மோலுக்கு அனுப்பாதீங்கோ

வசந்தம் தொடங்கினால் எங்கட சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான். "நோர்வேயில ஃபியோர்ட் பாக்க அம்மா அப்பாவுக்கு குறூஸ் போடப்போறம், எந்தக் கப்பல் நல்லது?" கேட்பவர்கள் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று இருக்கும் என் வயதுப் பிள்ளைகள். அறுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசு. நல்ல மனசுதான். ஆனால் கேள்வியே பிழை. மலையும் நீர்வீழ்ச்சியும் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டியது கப்பலைப் பற்றி அல்ல. எந்தப் பாதை, எந்த மாதம், நாளின் எந்த நேரம் என்பதைத்தான்.

நானும் இதே பிழையை விட்டவன். அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

என் அப்பா 1987இல் படிக்க என்று நோர்வேக்கு வந்து, பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் போட்ஸ்ஃபியோர்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். அந்தக் காலத்தில் வடக்குக்குப் போன எங்கட ஆக்கள் பலருக்கும் அதுதான் முதல் வேலை. உலகமே காசு கட்டிப் பார்க்க வரும் கரையில் பத்து வருசம் இருந்தார். அவர் பார்த்தது மீன் வெட்டும் மேசையைத்தான். அந்த மனுசனுக்கு 65 வயதில் இந்த நாட்டைக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். ஏழு நாள், பெரிய கப்பல், நீச்சல் குளம், தியேட்டர். படங்களைப் பார்த்து மயங்கி ரிக்கற் போட்டேன்.

நடந்தது இதுதான். ஜன்னல் உள்ள கபினுக்குக் காசு கட்டினேன். ஜன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கியது. கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்தது காலமை. அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். மேல்தளத்துக்குப் போனபோது கம்பி ஓரத்தில் மூன்று வரிசை சனம். கரைக்கு இறங்கச் சிறிய படகு, அதற்கு இலக்கம், இலக்கம் வர இரண்டு மணித்தியாலம். வீட்டுக்கு வந்ததும் "எப்படி அப்பா?" என்று கேட்டேன். "சாப்பாடு நல்லம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

நான் படித்தது பொறியியல். ஆகவே பிறகாவது கணக்குப் பார்த்தேன். கெய்ராங்கர் ஃபியோர்டின் நீளம் 15 கிலோமீற்றர். மெதுவாகப் போகும் கப்பலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். ஏழு நாள் பயணத்தின் விலை அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் என்றால், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முழுப் பயணமும். இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. நீச்சல் குளத்தைப் பற்றித்தான் சொல்வார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. கெய்ராங்கர் சுமார் 250 பேர் வாழும் கிராமம். 2005இலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஃபியோர்டின் கரையில் இருக்கிறது. அதற்குள் மூவாயிரம் பேருடன் ஒரு கப்பல் வருவது எங்கட கிராமத்துக் கோயில் வீதிக்குள் நூறு பஸ் வருவது மாதிரி. புகை மலைகளுக்கிடையில் தேங்கி நிற்கும். அதனால்தான் நோர்வே சட்டம் போட்டது. 2026 ஜனவரி 1 முதல் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் வரும் 10,000 மொத்தத் தொன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் புகையே விடக்கூடாது. அதைவிடப் பெரியவற்றுக்கு 2032 வரை தவணை. சின்னவனுக்கு உடனே சட்டம், பெரியவனுக்கு ஆறு வருசச் சலுகை. பெரிய கப்பலுக்குத் தொழில்நுட்பம் இன்னும் தயாரில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். இருக்கட்டும். ஆனால் சலுகை இருக்கிறது என்பதற்காக நாங்கள் போய் ஏறவேண்டும் என்று கட்டாயம் இல்லையே?

அப்ப வேறு என்ன வழி? 1893இலிருந்து இந்தக் கரையோரம் ஓடும் தபால் கப்பல் பாதை இருக்கிறது. பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்குக் கிட்ட இருக்கும் கிர்க்கெனெஸ் வரை 34 துறைமுகங்கள். போய்வர 12 நாள். இன்று ஹுர்டிக்ருட்டன், ஹவிலா என்ற இரண்டு கம்பனிகள் ஓட்டுகின்றன. ஊர்ச் சனமும் ஏறும், சாமானும் ஏறும். ஹவிலா கப்பல்கள் இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. அவற்றின் பற்றரியில் நாலு மணித்தியாலம் வரை சத்தமில்லாமல் போகலாம்.

இரண்டாவது தடவை அப்பாவுடன் நானும் இதில்தான் போனேன். பலமுறை போய்வந்த நோர்வே வயசாளிகள் மேல்தளத்தில் சொல்லித் தந்தவை இவை:

வடக்கே போகும்போது கரை வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். கபின் எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கோ. கப்பலின் தளப் படத்தில் உயிர்காப்புப் படகுகள் எங்கே தொங்குகின்றன என்று பாருங்கோ. கடல் வருத்தம் உள்ளவர்களுக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம். வெளியே நின்று பார்க்கிற ஆக்களுக்கு ஜன்னல் இல்லாத மலிவுக் கபினே போதும். மிச்சக் காசில் காற்றுப் புகாத நல்ல ஜக்கெற் வாங்குங்கோ. ஃபியோர்டுக்குள் நுழைய அரை மணித்தியாலம் முன்பே தளத்துக்குப் போங்கோ. நீர்வீழ்ச்சி என்றால் மே, ஜூன். பனி உருகி நிரம்பி விழும். வடக்கே போகும்போது இரவில் கடக்கும் இடங்கள் பலவற்றைத் திரும்பும்போது பகலில் பார்க்கலாம். அதனால் ஒரு வழிதான் கட்டுப்படியாகும் என்றால் தெற்கு நோக்கிய வழியையும் யோசியுங்கோ.

"அது விலை கூட, மச்சான்" என்பீர்கள். உண்மை. முழுப் பயணம் மலிவில்லை. ஆனால் முழுவதும் போகத் தேவையில்லை. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு மட்டும் ரிக்கற் எடுக்கலாம். ஸ்டொக்மார்க்னெஸ்ஸிலிருந்து ஸ்வோல்வேர் வரை, தெற்கு நோக்கிப் பின்னேரத்தில், மூன்று மணித்தியாலச் சொச்சம். றாஃப்ட்சுண்ட் நீரிணை முழுவதும் கண் முன்னால். கபினே வேண்டாம்.

"முப்பது பேர் குடும்பமாகச் சேர்ந்திருக்கப் பெரிய கப்பல்தான் வசதி" என்பீர்கள். அதுவும் உண்மை. சக்கர நாற்காலியில் அம்மம்மா, ஓடித்திரியும் பிள்ளைகள், இரவில் பாட்டு என்றால் பெரிய கப்பலில் ஏறுங்கோ. ஆனால் அதற்கு ஃபியோர்ட் வேண்டாம். வெயில் உள்ள கடலுக்குப் போங்கோ. காட்சி பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று அவர்களுக்கும் சொல்லாதீங்கோ, உங்களுக்கும் சொல்லாதீங்கோ.

போட்ஸ்ஃபியோர்டில் கப்பல் கொஞ்ச நேரம்தான் நின்றது. ஜூன் மாதம், இரவிலும் வெயில். அப்பா இறங்கித் துறையில் நின்று பழைய தொழிற்சாலைப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு அதற்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்து, "இது அப்பவும் இருந்திருக்கும் என்ன?" என்று கேட்டார்.

எங்கட அப்பா அம்மாமார் உழைத்த நாடுகளை அவர்கள் பார்க்கவே இல்லை. காட்டுகிற வேலை எங்களுடையது. அதை விளம்பரப் படத்தைப் பார்த்துச் செய்யாமல் வரைபடத்தைப் பார்த்துச் செய்யுங்கோ. முடிந்தால் கூடவே போங்கோ.