பேராசிரியரின் வரைபடத்தில் உக்ரைன் எங்கே?

உக்ரைன் போரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் ஜான் மியர்ஷைமர் வந்துவிடுவார். “அவர்தான் 2014-லேயே சொன்னாரே” என்பார்கள். சொன்னார்தான். அந்த ஆண்டு ஃபாரின் அஃபேர்ஸ் இதழில் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, உக்ரைன் நெருக்கடிக்கு மேற்குலகம்தான் காரணம் என்றது. நேட்டோ கிழக்கே நகர்ந்தது, ரஷ்யா சீறியது. கதை முடிந்தது.

அவ்வளவு சுலபமாக முடிகிற கதையா இது?

மியர்ஷைமர் லேசுப்பட்டவர் அல்ல. ஈராக் மீது பாய வாஷிங்டன் துடித்துக்கொண்டிருந்த 2002 செப்டம்பரில், இந்தப் போர் அமெரிக்காவுக்கே நல்லதல்ல என்று நியூயார்க் டைம்ஸில் சொந்தக் காசில் விளம்பரம் கொடுத்த 33 அறிஞர்களில் அவரும் ஒருவர். அவர்கள் பயந்தபடியேதான் நடந்தது. ஆனால் ஒரு போரில் பலித்த வாக்கு அடுத்த போரிலும் பலிக்கும் என்பது ஜோசியக்காரரிடம் வைக்கிற நம்பிக்கை. ஃபிலிப் டெட்லாக் 284 நிபுணர்களின் 80,000-க்கும் மேற்பட்ட கணிப்புகளைச் சேகரித்துச் சரிபார்த்து 2005-ல் நூலாக வெளியிட்டார். சராசரி நிபுணர் குருட்டாம்போக்கைவிட ஏதோ கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரே பெரிய கோட்பாட்டை வைத்து உலகத்தையே விளக்குகிறவர்கள் இன்னும் மோசம்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் விழுந்ததற்கு ஒருவர் காரணம் சொன்னால், “அதே காரணம் இருந்தும் விழாத சர்வர் உண்டா?” என்று கேட்போம். இங்கே அந்தச் சர்வர் பின்லாந்து. ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை உள்ள நாடு, 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. நேட்டோவுடனான ரஷ்யாவின் நில எல்லை ஒரே நாளில் இரு மடங்கானது. படையெடுப்பு வரவில்லை. ரஷ்யாவின் கை உக்ரைனில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று பதில் வரும். சரி. ஆனால் பின்லாந்து சேருவதால் நேரடி அச்சுறுத்தல் இல்லை என்று 2022 மே மாதம் சொன்னவர் புதின்தானே? பிறகு உக்ரைன் மட்டும் ஏன்? விடை 2021 ஜூலையில் அவரே வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்கிறார். ஏவுகணைக்குப் பயந்தவர் எழுதுகிற வரி அல்ல அது. பக்கத்து வீட்டைத் தன் வீட்டின் ஓர் அறையாக நினைப்பவரின் வரி.

இன்னொன்று. 2014 கட்டுரையை ஓயாமல் மேற்கோள் காட்டுகிறவர்கள் 1993-ல் அதே இதழில் அதே பேராசிரியர் எழுதியதை ஏனோ தொடுவதில்லை. ரஷ்யாவிடமிருந்து தற்காத்துக்கொள்ள உக்ரைன் அணு ஆயுதத்தை வைத்திருக்க வேண்டும் என்றார் அதில். நேட்டோ முதன்முதலாகக் கிழக்கே விரிந்ததே 1999-ல்தான். நேட்டோ வருவதற்கு முன்பே ஆபத்து இருந்தது என்பதற்கு அவரே சாட்சி! அடுத்த ஆண்டே புடாபெஸ்டில், எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டதை நம்பி, உக்ரைன் அந்த ஆயுதங்களைக் கைவிடச் சம்மதித்தது.

மேற்குலகம் உத்தமர் கூட்டமல்ல. 2008-ல் புக்கரெஸ்ட் மாநாட்டில், ஒருநாள் உறுப்பினராவீர்கள் என்று உக்ரைனிடம் சொல்லிவிட்டு, தேதியும் தராமல் பாதுகாப்பும் தராமல் நடுத்தெருவில் விட்டது பெரிய தவறு. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் நாலு கோடிப் பேர் வாழ்ந்த ஒரு நாட்டை இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே கிடக்கும் காலிமனையாகப் பார்க்கிற கோட்பாடு வகுப்பறையோடு நிற்பதில்லை. அந்த நாட்டை வெளியே உட்கார வைத்துவிட்டு அதன் எல்லையைப் பேரம் பேசலாம் என்கிற துணிச்சலை அதுதான் தருகிறது. யாரோடு சேருவது என்று உக்ரைன்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்ற கேள்வி, மூன்று மணி நேர யூட்யூப் பேட்டியில் ஒருமுறையாவது வருகிறதா என்று அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள்.