குருவா? தொழிலாளியா?

நமது நாட்டில் வாத்தியாருக்குக் கொடுக்கப்படும் பட்டங்களுக்குக் குறைவே இல்லை. தாய் தகப்பனுக்கு அடுத்தபடி அவர்தான். தெய்வத்துக்கும் முந்தினவர் அவர்தான் என்று பாட்டிலும் பழமொழியிலும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாத்தியார் மாதக் கடைசியில் "சம்பளம் எங்கே?" என்று கேட்டுவிட்டால் மாத்திரம், "குருவாக இருந்துகொண்டு காசைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்க ஆயிரம் பேர் கிளம்பிவிடுகிறார்கள். தெய்வத்தின் வரிசையில் தூக்கி வைத்த மனிதனைக் கூலிக்காரன் வரிசையில்கூட நிற்க விடாத இந்தத் தந்திரத்தைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

தர்மபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. ஜில்லாத் தலைநகரில் 1960-களிலேயே அரசு கலைக் கல்லூரி ஏற்பட்டது. பின்னால் காரிமங்கலம், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் முதலிய ஊர்களுக்கும் கல்லூரிகள் வந்தன. சித்தேரி மலையிலிருந்தும் வத்தல் மலையிலிருந்தும் பிள்ளைகள் இறங்கி வந்து பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்க்குப் பிறந்த பெண் எம்.ஏ. பட்டம் வாங்குகிறாள். 1953-இல் அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்களே, அதைத் தகர்த்து எறிந்திராவிட்டால் இந்தப் பெண் இன்று எங்கே இருந்திருப்பாள் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் யார், அவர் எந்த நிலைமையில் நின்றுகொண்டு சொல்லிக் கொடுக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் இடங்கள் ஏராளமாகக் காலியாய்க் கிடக்க, அந்த இடங்களில் "கௌரவ விரிவுரையாளர்" என்ற பெயரால் ஏழாயிரம் பேருக்கு மேல் வேலை வாங்கப்பட்டு வருகிறார்கள். 2024-25 கல்வியாண்டில் இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தொகை மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருஷத்தில் 11 மாதத்துக்குத்தான். பன்னிரண்டாவது மாதத்தில் இவர்களுக்கும் இவர்களுடைய பெண்டு பிள்ளைகளுக்கும் வயிறு கிடையாது என்பது சர்க்காரின் கணக்குப் போலும்! பல்கலைக் கழக மானியக் குழுவோ 2019 ஜனவரியிலேயே, இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 ரூபாய் வரையில் கொடுக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டது. அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். படிப்பில் வித்தியாசம் உண்டா? இவர்களிலும் டாக்டர் பட்டம் வாங்கினவர்கள் ஏராளம். வேலையில் வித்தியாசம் உண்டா? வகுப்பு, பரீட்சை மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம் எல்லாம் இவர்கள் தலையிலும்தான். பின் எதில் வித்தியாசம் என்றால், பெயரில்தான்! ஒருவருக்குச் சம்பளம், மற்றவருக்குக் கௌரவம்.

இந்தக் கௌரவம் என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டுகிறோம். ஆங்கிலத்தில் இவர்களை "விருந்தாளி" என்று அழைக்கிறார்கள். பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் அடுப்பூதி, தண்ணீர் சுமந்து, பாத்திரம் தேய்க்கிறவரை எந்த ஊரில் ஐயா விருந்தாளி என்பார்கள்? கூலி கொடுக்க மனமில்லாதவன் கும்பிடு போடுவது இந்நாட்டில் பழைய வழக்கம். துரோணன் கதையை எடுத்துக் கொள்ளுங்கள். அதிலே குருவுக்கு மாணவன் கட்டைவிரலை அறுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று குருவின் கட்டைவிரலே பறிக்கப்படுகிறது என்பதைத் தவிர, புராணம் என்னவோ அப்படியேதான் நடக்கிறது. குரு, தட்சிணை, தியாகம், தொண்டு என்ற வார்த்தைகள் எங்கே அதிகமாகக் கேட்கின்றனவோ, அங்கே யாரோ ஒருவருடைய கூலி பிடித்துக் கொள்ளப்படுகிறது என்று நிச்சயமாய் நம்பலாம்.

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. கோர்ட்டுத் தீர்ப்பாகவே வந்திருக்கிறது. 1978-இல் பெங்களூர்த் தண்ணீர் வாரிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, கல்வி நிலையமும் சட்டப்படி ஒரு தொழிலகந்தான் என்று சொல்லிற்று. சரி, இனி ஆசிரியருக்கும் விடிந்தது என்று நினைத்தவர்களுக்கு, பத்து வருஷம் கழித்து, 1988-இல், கோவாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில் பதில் கிடைத்தது. கல்வி நிலையம் தொழிலகமாய் இருக்கலாம். ஆனால் அங்கே பாடம் சொல்லுகிறவர் தொழிலாளி அல்லர். அவர் செய்வது உயர்ந்த தொண்டு. ஆகவே தொழில் தகராறுச் சட்டத்தின் கதவு அவருக்குத் திறக்காது என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதாவது ஒரே கட்டடத்துக்குள் கணக்கு எழுதும் குமாஸ்தா தொழிலாளி. மணி அடிக்கும் சிப்பந்தி தொழிலாளி. வாத்தியார் மாத்திரம் மகான்! அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2020-இல் செய்யப்பட்ட தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும், தொழிலாளி என்பதற்கு விளக்கம் சொல்லும்போது பத்திரிகையாளரையும் மருந்துக் கம்பெனி விற்பனை ஆட்களையும் பேர் சொல்லிச் சேர்த்ததே ஒழிய, ஆசிரியரைச் சேர்க்கவில்லை.

அமெரிக்காவிலும் இந்த வேடிக்கை உண்டு. 1980-இல் யெஷிவா பல்கலைக் கழக வழக்கில் அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டு, ஆசிரியர்கள் நிர்வாகத்தில் கை உள்ளவர்கள், ஆகவே சங்கமாகக் கூடிப் பேரம் பேசச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது என்று சொல்லிற்று. அங்கே முதலாளி என்று சொல்லித் தள்ளினார்கள். இங்கே குரு என்று சொல்லித் தள்ளுகிறார்கள். உயர்ந்த பட்டம் கொடுத்து வெறுங்கையோடு அனுப்புவதில் இரண்டு தேசமும் ஒன்றுதான்.

நிற்க, இதனால் மனம் தளர வேண்டியதில்லை. சட்டம் தானாக முளைப்பதில்லை. ஜனங்கள் சேர்ந்து நெருக்கினால் மாறுகிறது. சென்னையில் 1918 ஏப்ரலில் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்கள் சங்கம் வைத்தபோது, சங்கத்துக்கு இந்நாட்டில் சட்டப் பாதுகாப்பே இல்லை. மில் கம்பெனி கோர்ட்டுக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள் மீது தடை உத்தரவும் வாங்கிற்று. ஆனால் அந்த அநியாயத்தைக் கண்டு கிளம்பிய கிளர்ச்சியினால்தான் 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஆசிரியர் விஷயத்திலேயே பாருங்கள். பணிக்கொடைச் சட்டத்தின்படி ஆசிரியர்கள் ஊழியர்கள் அல்லர் என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. 2009-இல் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தையே திருத்தி, 1997-ஆம் வருஷத்திலிருந்து செல்லும்படி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்று செய்தது. நமது மாகாணத்தில் தனியார் கல்லூரி முதலாளிகள் நினைத்தபோது நீக்குவதும் நினைத்ததைக் கொடுப்பதுமாக இருந்த காலம் ஒன்று உண்டு. கல்லூரி ஆசிரியர்கள் சங்கமாகத் திரண்டு கிளர்ச்சி செய்த பிறகுதானே 1976-இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது? தெய்வம் கொடுத்ததா? முதலாளி மனம் இரங்கினாரா?

இனி, "வாத்தியார்கள் பேரம் பேசக் கிளம்பினால் பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் மீது இவ்வளவு கரிசனம் உள்ளவர்கள், அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று தெரியாதவரிடம் பிள்ளையை ஒப்படைத்தபோது எங்கே போயிருந்தார்கள்? இலங்கையில் 2012 ஜூலை முதல் அக்டோபர் வரையில் பல்கலைக் கழக ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது தங்கள் சம்பளத்தை மாத்திரமல்ல; தேச வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். ஆசிரியர் நலமும் மாணவர் நலமும் எதிரெதிர் என்பது எஜமானர்கள் கட்டிவிட்ட கதையே ஒழிய வேறில்லை.

ஆனால் ஆசிரியர்களிடத்திலும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. இவர்களுக்குச் சங்கம் இல்லாமல் இல்லை. சங்கங்கள் பலவாக இருப்பதுதான் தொல்லை. நிரந்தரக்காரருக்கு ஒன்று, கௌரவக்காரருக்கு ஒன்றுக்கு மேல் என்று பிரிந்து கிடக்கிறார்கள். நிரந்தரப் பேராசிரியர்களில் பலர், கௌரவ விரிவுரையாளர் வாசலில் தர்ணா இருக்கும்போது, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். இது எப்படிப்பட்ட புத்தி என்றால், பக்கத்துக் கூரை எரியும்போது என் வீடு ஓட்டு வீடு என்று தூங்குகிற புத்தி. இருபத்தைந்தாயிரத்துக்கு ஒருவர் அந்த வேலையைச் செய்கிறவரையில், இரண்டு பங்குக்கு மேல் கொடுத்து நிரந்தர ஆளை எந்த சர்க்கார்தான் சீக்கிரம் வைக்கும்? ஆகவே கௌரவக்காரரின் குறைந்த கூலி நிரந்தரக்காரரின் வேலைக்கே வைக்கப்பட்ட வேட்டு என்பதை அவர்கள் உணர வேண்டும்.

இதை உணர்ந்து நடந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1766-இல் ஏற்பட்ட ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தில், 2023 ஏப்ரலில், அதன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஆசிரியர் வேலை நிறுத்தம் நடந்தது. நிரந்தரப் பேராசிரியர், தற்காலிக ஆசிரியர், மருத்துவப் பகுதி ஆசிரியர் என்று மூன்று சங்கத்தார், சுமார் 9,000 பேர், சேர்ந்து வெளியே வந்தார்கள். ஐந்தே நாளில் உடன்பாட்டுக்கு வழி பிறந்தது. தற்காலிகக்காரருக்கும் சேர்த்தே கூலி உயர்ந்தது.

சேராதவர்களின் கதையும் நம்மிடமே இருக்கிறது. முன்சொன்ன அதே சென்னை மில்லில் 1921-இல் நடந்த வேலை நிறுத்தம் சாதி இந்து, ஆதிதிராவிடர் என்று இரண்டாய்ப் பிளந்தது. புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. லாபம் யாருக்கு? மில்லுக்கு! இன்று எம்.ஏ., பிஎச்.டி. படித்தவர்களிடத்திலும் "நம்மவரா?" என்று தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? தர்மபுரி ஜில்லாக் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் சேலம் பெரியார் பல்கலைக் கழகம் 1997-இல் ஏற்பட்டது. சாதியை ஒழிக்க ஆயுள் முழுதும் உழைத்தவர் பெயரைத் தாங்கிய அதே பல்கலைக் கழகத்தின் எம்.ஏ. சரித்திரப் பரீட்சையில், 2022 ஜூலையில், நான்கு சாதிகளின் பெயரைப் போட்டு இவற்றில் எது தாழ்ந்த சாதி என்று கேள்வி கேட்கப்பட்டது. இப்படிப்பட்ட கேள்வித்தாளை எழுதவும், அச்சிடவும், பங்கிடவும் ஆசிரியர் கைகள் இருந்தனவே. நிறுத்துவதற்கு ஒரு கை இல்லையே! சுயமரியாதையுள்ள சங்கம் ஒன்று இருக்குமானால், சம்பளத்துக்கு நிற்பதைப் போலவே இதற்கும் நின்றிருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே பேரத்துக்குப் போகிறவர்கள் முதலில் வீட்டைச் சரிசெய்து கொள்ளட்டும். கல்லூரிதோறும், நிரந்தரம், கௌரவம் என்ற பேதமின்றி ஒரே பட்டியலில் அங்கத்தினரைச் சேர்க்கட்டும். மாதாமாதம் சந்தா வாங்கிக் கணக்கை வெளிப்படையாய்ப் படிக்கட்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் காலி, எத்தனை பேர் எத்தனை வருஷமாய் 11 மாதக் கூலியில் இருக்கிறார்கள் என்பதைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு எழுதி வைக்கட்டும். கோரிக்கைகளை ஒன்று, இரண்டு என்று குறித்து, கௌரவக்காரர் கோரிக்கையை முதலில் வைக்கட்டும். பேசப் போகிற கமிட்டியில் பெண்களும், தாழ்த்தப்பட்டோரும், மலை ஜாதியாரும் இருக்கட்டும். மந்திரி வீட்டு வாசலில் மாலையும் பழத்தட்டுமாக நிற்கும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிடட்டும். அரசு ஊழியருக்கு வேலை நிறுத்தம் செய்ய உரிமை கிடையாது என்று 2003-இல் தமிழ்நாட்டு வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது என்பதை அறிவோம். அதனாலேதான் ஒற்றுமையும், கணக்கும், பொதுஜன ஆதரவும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாய் வேண்டும் என்கிறோம்.

கடைசியாகப் பொதுஜனங்களுக்கு. தர்மபுரி ஜில்லாவிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற தோழர், இன்ன கூலி என்று மேஸ்திரியிடம் பேசி முடித்த பிறகுதான் சாரத்தில் ஏறுகிறார். புளியில் கொட்டை எடுக்கும் அம்மாள், கிலோவுக்கு எத்தனை என்று கேட்ட பிறகுதான் உட்காருகிறாள். இவர்களுக்கு அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய அவசியமும் இல்லை. படித்தவர்கள்தான் கூலி கேட்க வெட்கப்பட்டு, "கௌரவம்" என்ற காகிதத்தை மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வெட்கத்தை அவர்கள் விடும்படி, படிக்கிற பிள்ளைகளைப் பெற்ற தோழர்களே, நீங்கள்தான் தைரியம் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க் கல்லூரி வாசலில் ஆசிரியர்கள் கூடி நிற்பதைக் கண்டால், விலகிப் போகாமல் அருகில் போய், என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். நியாயம் என்று பட்டால் பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் குரு ஸ்தானத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளும் நாளில்தான், உங்கள் பிள்ளைகளுக்கு நிமிர்ந்து நின்று பாடம் சொல்லும் ஆசிரியர் கிடைப்பார்.