ஐந்து தளம், ஒரே ஆள்... எந்த மென்பொருள் எளிது?

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். புகுந்த வீட்டில் அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய் மில், நெய் வியாபாரம், ஒரு கல்யாண மண்டபம். போதாததற்கு மாமனார் குலதெய்வக் கோயில் டிரஸ்ட்டில் பொருளாளர். ஆக மொத்தம் ஐந்து இணையதளங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் ஐந்தும் இவர் தலையில்.

“ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வேர்டுபிரஸ்ங்கறாங்க, விக்ஸ்ங்கறாங்க. இருக்கறதுலயே ஈஸியான சாஃப்ட்வேர் எதுங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும்” என்பது கேள்வி.

அரிசி ஆலையும் எண்ணெய் மில்லும் நெருங்கிக் கிடக்கிற ஊர் அது. ஒரே குடும்பம் மூன்று நான்கு தொழில் பார்ப்பது அங்கே சாதாரணம். அதனால் இது ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல என்று தோன்றியது. இந்த வாரப் பகுதி முழுக்க அதற்கே.

முதலில் அவருடைய ஐந்து தளங்களின் நிலவரம். அரிசி ஆலைத் தளம் வேர்டுபிரஸ்ஸில் இருக்கிறது. செய்துகொடுத்த பையன் பெங்களூரு போய்விட்டார், பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. எண்ணெய்க்கு விக்ஸின் இலவசப் பக்கம். மண்டபத்துக்கு ஒரு பிளாக்கர் பக்கம், அதில் இருப்பது பழைய மேனேஜரின் போன் நம்பர். கோயில் தளத்தின் பெயரைப் புதுப்பிக்க மறந்து, இப்போது அது திறப்பதே இல்லை. நெய்க்கு கூகுளில் இலவசமாகக் கிடைத்த ஒரு பக்கம் இருந்தது. “அது எப்படிக் காணாமப் போச்சுன்னே தெரியலை” என்று எழுதியிருக்கிறார்.

எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு 2017-ல் அந்த நிறுவனம் ஒரு வசதி கொடுத்தது. நான்கு தட்டு தட்டினால் ஒரு பக்க இணையதளம் தயார். ‘பிசினஸ்.சைட்’ என்று முகவரி முடியும். அதைவிட எளிதான மென்பொருளை யாரும் செய்துவிட முடியாது. 2024 மார்ச்சில் கூகுள் அதை மூடியது. ஜூன் 10 வரை அந்த முகவரிக்கு வந்தவர்களை மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, அதன் பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் நெய் பாட்டில் லேபிளிலும் அச்சடித்த முகவரி வெறும் எழுத்தாகிவிட்டது.

இது முதல் தடவையும் இல்லை. 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானோர் இலவசமாகத் தளம் கட்டினார்கள். யாஹூ 1999-ல் அதை வாங்கி, 2009-ல் மூடியது.

அதனால் எது ஈஸி என்று பார்ப்பதற்கு முன் ‘பெயர் யாருடையது?’ என்று பார்க்க வேண்டியிருக்கிறது. டாட் இன், டாட் காம் என்று முடிகிற சொந்தப் பெயருக்கு, அதாவது டொமைனுக்கு, ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். (முதல் வருடம் 99 ரூபாய் என்பார்கள், இரண்டாம் வருடக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.) பெயர் உங்கள் கையில் இருந்தால், கீழே இருக்கிற மென்பொருளை எத்தனை தடவை மாற்றினாலும் வாடிக்கையாளர் அதே முகவரிக்குத்தான் வருவார். ஊர் மாறினாலும் போன் நம்பர் மாறாத மாதிரி.

அந்தப் பெயரை உங்கள் குடும்பத்தின் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். செய்துகொடுக்கிற பையனின் கணக்கில் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். வேலை கிடைத்து வெளியூர் போவது குற்றமில்லை. ஆனால் புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. காலாவதியான பெயர்களைக் காத்திருந்து வாங்குவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கி, சூதாட்ட விளம்பரத்தை ஏற்றிவிடுவார்கள். கும்பாபிஷேகப் படம் பார்க்க வந்த பக்தர் முன்னால் ரம்மி சீட்டு விரிந்தால் எப்படி இருக்கும்? நம் வாசகி இன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, கோயில் பெயர் இன்னும் மீட்கும் நிலையில் இருக்கிறதா என்று பதிவு செய்த நிறுவனத்திடம் கேட்பது. காலாவதி ஆனதும் உடனே பறிபோகாது. கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்கள் தாண்டத் தாண்ட மீட்கும் கட்டணம் ஏறும்.

சரி, மென்பொருள்.

கட்டுவதற்கு எளிது என்று பார்த்தால் இன்று எல்லாமே எளிதுதான். கடை பெயரைச் சொன்னால் ஏ.ஐ. ஒரு நிமிடத்தில் பளபளவென்று ஒரு தளத்தைக் கொடுத்துவிடும். ஐந்து தளம் வைத்திருப்பவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. கட்டுவது ஒரு நாள் வேலை, மேய்ப்பது வருடம் முழுக்க. விலை மாறும், போன் நம்பர் மாறும், தீபாவளிக்குப் படம் மாற்ற வேண்டும்.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எந்த மென்பொருளையும் ஒரு வாரம் இலவசமாகப் போட்டுப் பாருங்கள். ஏழாம் நாள், கையில் இருக்கிற மொபைலை மட்டும் வைத்துக்கொண்டு போன் நம்பரை மாற்றி, ஒரு புதுப் படத்தை ஏற்றுங்கள். ஆன நிமிடங்களை ஐந்தால் பெருக்குங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்தால் தேறியது. அதற்கு மேல் போனால், டெமோவில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்றாம் மாதம் அதைத் தொடமாட்டீர்கள்.

இந்தச் சோதனையில் விக்ஸ் நன்றாகவே தேறும். இழுத்து, வைத்து, முடித்துவிடலாம். மொபைல் ஆப் உண்டு. சிக்கல் இரண்டு. சொந்தப் பெயர் இணைக்க, விளம்பரத்தை நீக்க ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிச் சந்தா. ஐந்து தளம் என்றால் ஐந்து பில். இன்னொன்று, விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குக் குடிபோக முடியாது. எழுத்தையும் படத்தையும் காப்பி செய்து புதிதாகத்தான் கட்ட வேண்டும். நம்மூர் நிறுவனமான ஜோஹோவின் ‘ஜோஹோ சைட்ஸ்’ பக்கமும் எட்டிப் பார்க்கலாம். ரூபாயில் பில் வரும். ஆனால் அங்கும் தளத்துக்கு ஒரு சந்தா என்ற கணக்குதான்.

கூகுள் சைட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மூடப்பட்டதும் இதுவும் வேறு வேறு. ஜிமெயில் இருந்தால் போதும், எத்தனை தளம் வேண்டுமானாலும் இலவசம், சொந்தப் பெயரையும் இணைக்கலாம். டிரஸ்ட் உறுப்பினர்கள் நான்கு பேர் சேர்ந்து திருத்தவும் முடியும். அலங்காரம் குறைவு, கடை நடத்தும் வசதி கிடையாது, திருத்துவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். கோயிலுக்கு இது தாராளம். திருவிழா தேதி, அன்னதான விவரம், வழி காட்டும் மேப், நான்கு படம், அவ்வளவுதானே?

வேர்டுபிரஸ்ஸுக்கு வருவோம். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் 2003-ல் தொடங்கியது. உலகத் தளங்களில் பத்துக்கு நான்கு இன்று அதில்தான் ஓடுகின்றன. ஒரே பெயரில் இரண்டு விஷயம் இருப்பது பலரைக் குழப்புகிறது. வேர்டுபிரஸ்.காம் என்பது சந்தா கட்டி இடமும் சேர்த்து வாங்குவது. வேர்டுபிரஸ்.ஆர்க் என்பதில் மென்பொருள் இலவசம், வைக்கும் இடத்தை, அதாவது ஹோஸ்டிங்கை, நீங்கள் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரு ஹோஸ்டிங் கணக்கில் பல தளங்களை வைக்க அனுமதிக்கும் திட்டங்கள் கிடைக்கின்றன. ஐந்து தளத்துக்கு ஒரே வாடகை. கணக்கு இங்கேதான் மாறுகிறது. நாளைக்கு அந்த ஹோஸ்டிங் பிடிக்கவில்லையா? மொத்தத்தையும் மூட்டை கட்டி வேறு இடத்துக்குப் போகலாம்.

கெட்ட பெயரும் அதற்கு உண்டு. ‘ஹேக் ஆகும்’ என்பார்கள். பெரும்பாலும் மாட்டுவது, அப்டேட் செய்யாமல் கிடக்கிற ப்ளகின்கள் வழியாக. வாட்ஸ்அப் பட்டனுக்கு ஒன்று, ஸ்லைடருக்கு ஒன்று, பனி கொட்டுவதற்கு ஒன்று என்று இருபது ப்ளகின் போட்ட தளங்களைப் பார்த்திருக்கிறேன். (காங்கேயத்தில் எதற்குப் பனி?) 2020-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து ப்ளகின்களைத் தானாகவே அப்டேட் ஆகும்படி உள்ளேயே வைத்துவிடலாம். ஐந்து தளத்திலும் ஒரே தீம், ஒரே நான்கைந்து ப்ளகின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறமும் படமும் மட்டும் மாறட்டும். ஒன்றில் கற்றது ஐந்துக்கும் உதவும்.

ஒரே அச்சா, சலிப்பாக இருக்காதா என்பவர்கள் திருப்பூர் மாவட்ட அரசுத் தளத்தைத் திறந்து பாருங்கள். அடுத்து ஈரோடு, அதற்கடுத்து கரூர். அமைப்பு அத்தனையும் ஒன்று. தேசிய தகவலியல் மையம் 2017-ல் கொண்டுவந்த ‘எஸ்3வாஸ்’ என்ற பொதுவான அமைப்பில் அவை ஓடுகின்றன. ஒவ்வொரு கலெக்டர் ஆபீஸும் தன் செய்தியை, தன் படத்தைப் போட்டுக்கொள்கிறது. பாதுகாப்பு, அப்டேட் எல்லாம் ஒரே இடத்தில். அழகுப் போட்டியில் ஜெயிக்காது. ஆனால் ஆள் மாறினாலும் அடுத்து வருபவர் அரை நாளில் பழகிக்கொள்ளலாம்.

வேர்டுபிரஸ்ஸிலும் இப்படி ஒரே கூரையின் கீழ் பல தளம் வைக்க ‘மல்டிசைட்’ வசதி உண்டு. 2010-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. ஒரு தடவை அப்டேட் செய்தால் எல்லாத் தளத்துக்கும் ஆகிவிடும். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்று படுத்தால் ஐந்தும் படுக்கும். பின்னால் பங்கு பிரிந்து, எண்ணெய் மில் மச்சினருக்குப் போகிறது என்று வையுங்கள். அந்த ஒரு தளத்தை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுப்பது பெரிய பாடு.

காங்கேயத்துக்காரர்களுக்குக் கொறங்காடு தெரியும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கிற மேய்ச்சல் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கிளுவை வேலி வைத்து, மாடுகளை மாற்றி மாற்றி விடுவார்கள். பார்த்துக்கொள்வது ஒரே ஆள், வேலி தனித்தனி. நான் சொல்வதும் அதுதான். மல்டிசைட் வேண்டாம், ஒரே ஹோஸ்டிங் கணக்கில் தனித்தனி வேர்டுபிரஸ். ஜெட்பேக் ப்ளகினைப் போட்டுவிட்டால், அதே பெயரில் இருக்கும் மொபைல் செயலியில் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவித் திருத்தலாம்.

ஊரில் பலருக்கும் தளம் செய்துகொடுக்கிற இளைஞர்களும் இந்தப் பகுதியைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். இருபது முப்பது தளம் பார்த்துக்கொள்கிற உங்களுக்கு மெயின்டபிள்யூபி என்ற இலவசக் கருவி போதும். ஒரே பலகையிலிருந்து அத்தனை தளங்களின் அப்டேட்டையும் பேக்கப்பையும் பார்த்துக்கொள்ளலாம். டொமைனை மட்டும் வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களை விட்டுப் போய்விடுவார் என்ற பயம் புரிகிறது. ஆனால் மாதா மாதம் படம் மாற்றிக் கொடுக்கிறவரை விட்டு யார் போவார்கள்?

“சிவன்மலை உத்தரவுப் பெட்டியில என்ன வச்சிருக்காங்கன்னு ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்புலயே தெரிஞ்சுடுது, வெப்சைட் எதுக்குன்னு வீட்ல கேக்கறாங்க” என்றும் வாசகி எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஊர்க்காரருக்கு வாட்ஸ்அப் போதும். கேரளாவிலோ துபாயிலோ இருந்து மொத்தமாக அரிசி வாங்க நினைப்பவர் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இல்லையே. அவர் கூகுளில் தேடுகிறார். பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், ஆலையின் படம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் போனை எடுக்கிறார்.

ஐந்து தளம் தேவையா என்பதுதான் எனக்கிருந்த ஒரே சந்தேகம். அரிசி, எண்ணெய், நெய் மூன்றையும் வாங்குகிற கடைக்காரர் பல நேரம் ஒரே ஆள். மூன்றையும் ஒரே தளத்தில் மூன்று பக்கங்களாக்கிவிடுங்கள். மண்டபம் தேடுபவர் வேறு ஆள், அதற்குத் தனித் தளம். இரண்டும் வேர்டுபிரஸ். கோயில், கூகுள் சைட்ஸில், டிரஸ்ட் மின்னஞ்சலில். ஐந்து மூன்றாகிவிட்டது. பெங்களூரு தம்பிக்கு ஒரு போன் போட்டு டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, வேர்டுபிரஸ் அட்மின், கூகுள் மேப்பின் உரிமை ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். மேப் உரிமையை அவர் மாற்றித் தர மறந்தாலும், அந்தப் பக்கத்திலேயே உரிமை கேட்டு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது.

கடைசியாக, மண்டபத்துக்கு ஆன்லைனிலேயே அட்வான்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். இப்போதைக்கு வேண்டாம். ஒரே முகூர்த்தத்துக்கு நேரில் வந்தவர் ஒருவர், ஆன்லைனில் கட்டியவர் ஒருவர் என்று இரண்டு வீட்டார் நின்றால் எந்த மென்பொருளும் வந்து சமாதானம் பேசாது. காலியாக இருக்கும் தேதிகளை மட்டும் தளத்தில் போட்டு, வாரம் ஒரு முறை திருத்துங்கள். பக்கத்திலேயே போன் நம்பர். புது மேனேஜருடையது.