நான்கு கொம்புகளும் பின்கட்டு அறையும்



கொடைக்கானல் மலைமேல் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்த எண்பதுகளின் பிற்பகுதியை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். திண்டுக்கல்லிலும் சின்னாளபட்டியிலும் நிலக்கோட்டையிலும் மாடிதோறும் நெடிய இரும்புக் குழாய்கள் நின்றன. அவற்றின் உச்சியில் ஆண்டெனா அமர்ந்தது. காற்றடித்த மறுநாள் வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவன் மாடியேறிக் குழாயைத் திருப்புவான். கூடத்திலிருந்து, "இன்னும் கொஞ்சம் மேற்கே! போதும், போதும், ஐயோ போய்விட்டது!" என்று குரல் எழும். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தினின்று பேராற்றலோடு இறங்கி வந்த அலை அது. ஆண்டெனா பெரிதானால் எட்டும் தூரமும் பெரிதாகும் என்பது அன்று நம் மனத்தில் பதிந்த பாடம்.

அப்பாடமே இன்று நம்முள் பலரைக் கடைக்கு அனுப்பி, கொம்புகள் மிகுந்த ரூட்டரை வாங்கச் செய்கிறது.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் என் தமக்கையாரின் இல்லம் உள்ளது. முகப்பு குறுகியது, உள்ளே போகப் போக நீள்வது. திண்ணை, முன்கூடம், பட்டாசாலை, அடுக்களை, அதற்கும் அப்பால் பின்கட்டு அறை. சுவர்களோ ஒன்றரை அடிக்குக் குறையாதவை. இணையக் கம்பி தெருக் கம்பத்திலிருந்து வந்ததால், ரூட்டரும் முன்கூடத்தின் மூலையிலேயே வைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பேத்திக்குப் பின்கட்டு அறையே அமைதியான இடம். ஆயினும் அங்கே ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகவே வந்தது. ஆகவே அவள் வெயிலிலும் தெரு இரைச்சலிலும் திண்ணையில் அமர்ந்து வேதியியல் கற்றாள்.

வீட்டார் பொறுக்கமாட்டாமல் நாலாயிரம் ரூபாய் கொடுத்து நான்கு கொம்புடைய ரூட்டர் ஒன்றை வாங்கினர். "மூன்று மாடிக்கும் எடுக்கும்" என்று கடைக்காரர் உறுதி கூறினாராம். பழைய இடத்திலேயே அதனை வைத்தனர். பின்கட்டு அறையில் யாதொரு மாறுதலும் இல்லை.

ஏன் என்பதை விளக்குவது கடினமன்று. கொடைக்கானல் கோபுரம் பேசியது, நாம் கேட்டோம். நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி அதற்கு மறுமொழி கூறியதில்லை. ரூட்டரின் தொழிலோ உரையாடல். கையிலுள்ள கைப்பேசி ஒவ்வொரு கணமும் அதற்கு விடையிறுக்க வேண்டும். அதன் மின்கலமும் ஆண்டெனாவும் சிறியவை, குரலும் மெல்லியது. ஆகையால் ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினும் கைப்பேசியின் மறுமொழி மூன்று சுவர்களைக் கடந்து வராவிடில் பயனில்லை. திரையில் வைஃபைக் கோடுகள் நிறைந்திருந்தும் படம் நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரத்துப் பேசுவதற்கும் எல்லை உண்டு. வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய தலைமுறை நாம். வைஃபைக்கு அத்தகைய உரிமம் வேண்டியதில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம் அரசு 2005ஆம் ஆண்டிலேயே உரிமத்தினின்று விலக்கியது. ஆனால் ஆற்றலை ஓர் அளவுக்குள் அடக்க வேண்டும் என்பதே அவ்விலக்கின் நிபந்தனை. எந்த நிறுவனத்தின் ரூட்டரும் அதற்கு உட்பட்டதே.

கொம்புகளைப் பற்றியும் ஒரு சொல். அவை ஆற்றலைப் படைப்பதில்லை, பங்கிடுகின்றன. நிமிர்ந்து நிற்கும் கொம்பு தன்னைச் சுற்றிக் கிடையாகவே அலையைப் பரப்பும். நேர் மேலேயும் கீழேயும் குறைவாகவே தரும். மாடி அறைக்கும் எட்டவேண்டுமாயின் ஒன்றைச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். கொம்பு வெளியே தெரியாத பெட்டிகளும் உண்டு. அவற்றின் ஆண்டெனா உள்ளே இருக்கும். வெளியே தெரியாததனால் அவை தாழ்ந்தவை அல்ல.

இக்காலப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுடையது. சுவரைக் கடந்து செல்வதில் அதுவே மேல். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. நாகல்நகர் போன்ற நெருங்கிய தெருவில் பத்து வீட்டாரும் அம்மூன்றையே பங்கிடுகின்றனர். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவும் விசாலமும் உடையது. ஆயினும் தடித்த சுவர் ஒன்றைக் கண்டாலே தளர்ந்துவிடும். கிராமத்துத் தனி வீட்டுக்கு முன்னது போதுமானதாக இருக்கலாம். நகரத்தார் இரண்டும் உடையதையே வாங்குதல் நன்று.

சுவரினும் கொடியது இரும்பு. நம் ஊர் பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர் பெற்றது. தமக்கையார் இல்லத்தில் ரூட்டரை ஒட்டியே, பின்கட்டை மறைத்தவாறு, பாட்டனார் காலத்து இரும்புப் பெட்டி நின்றது! திருடரைத் தடுத்த அது அலையையும் தடுத்தது. பீரோவும் நிலைக்கண்ணாடியும் நீர்த்தொட்டியும் இவ்வாறே.

அட்டையில் அச்சிட்டுள்ள எண்ணையும் அப்படியே நம்புதல் ஆகாது. ‘ஏ.சி. 1200’ என்பது 2.4இல் 300, 5இல் 867 என்னும் இரு வேகங்களைக் கூட்டி, மிச்சத்தையும் முழுமையாக்கிய எண். ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் ஓர் அலையிலேயே இணையும். அதிலும் பாதியளவு கிட்டினாலே நன்று. இதைவிடக் கவனிக்க வேண்டியது கம்பி செருகும் துளையின் வேகம். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் அது 100 மெகாபிட்டே. 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுவோர் கிகாபிட் துளை உண்டா என்று கேட்டு வாங்குக. ‘வைஃபை 6’ பல கருவிகள் ஒருங்கே இயங்கும் வீட்டுக்கு உகந்தது. ஆயின் அதன் முழுப் பயன் கிட்டக் கைப்பேசியும் அவ்வகையினதாக இருத்தல் வேண்டும்.

கடைக்குச் செல்லுமுன் ஒரு சோதனை செய்க. ரூட்டரின் அருகே நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே குறைவாயின் குறை பெரும்பாலும் கம்பி வழியிலோ நிறுவனத்தாரிடமோ இருக்கும். அருகே நன்றாகவும் அறையில் மோசமாகவும் இருந்தால், பிழை இடத்தில்.

தமக்கையார் வீட்டில் பேத்தியே ஒரு குறிப்பேட்டுடன் அறை அறையாகச் சென்று அளந்தாள். பின்னர் எலக்ட்ரீசியன் ஒருவர் முன்கூடத்திலிருந்து பட்டாசாலைவரை பதினைந்து மீட்டர் ‘கேட் 5ஈ’ கம்பியை உத்தரத்தோடு ஒட்டி இழுத்தார். அவ்வகைக் கம்பி நூறு மீட்டர்வரை கிகாபிட் வேகத்தைக் குறைவின்றிக் கொண்டுசெல்லும். அதற்கான செலவு சில நூறு ரூபாயே. நிறுவனம் தந்த பெட்டி முன்கூடத்தில் நிற்க, நான்கு கொம்புப் பெட்டி பட்டாசாலையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பலகையில் ஏறியது. ‘ரிப்பீட்டர்’ என்னும் சிறு கருவியை நாங்கள் நாடவில்லை. அது கேட்டதையே அதே அலையில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். கம்பி இழுக்க வழியே இல்லாதோர் அதனை வாங்கினாலும் அலை இறந்த அறையில் வைக்காமல் பாதி வழியில் வைக்க வேண்டும்.

அன்று மாலை பின்கட்டு அறையின் கதவு சாத்தப்பட்டது. உள்ளே வேதியியல் வகுப்பு. காலியான திண்ணையில் தமக்கையார் மீண்டும் அரிசி புடைக்கலானார்.