பயத்தை விற்கும் கடை

‘வயதானவர்களுக்குக் கணினி எதற்கு? ஏமாந்துதான் போவார்கள்’ என்கிறார்கள் இளையவர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

இணையத்தில் ஏதோ படிக்கும்போது திரை முழுதும் சிவந்து, ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று அலறும். நண்பர்களே, அது வெறும் விளம்பரத் தட்டி. அங்கே விற்கப்படுவது பயம். ஓர் இணையப் பக்கம் உங்கள் கணினிக்குள் புகுந்து வைரஸ் எண்ண முடியாது.

காலமெல்லாம் கோப்பு பார்த்த குமாஸ்தா சொல்கிறேன்: அவசரப்படுத்தும் காகிதத்தைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை. விண்டோஸிலேயே டிபெண்டர் என்ற பாதுகாப்பு இலவசமாக இருக்கிறது.

அந்த எண்ணை அழைத்தால் எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அப்புறம் கணினி அவர்கள் கையில், பென்ஷன் கணக்கும்தான். எதையும் தொடாமல், பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கே லாபம்.

எச்சரிக்கையே பாதுகாப்பின் தாய் என்பது பிரெஞ்சுப் பழமொழி. அந்தத் தாய்க்கு வயது வரம்பு கிடையாது.